வெள்ளாட்டுப் பாலும் மால்டா காய்ச்சலும் – அடுப்பு சொல்லும் பாடம்



ஆட்டுப் பாலுக்கு நம்ம கிராமங்களில் தனி மரியாதை உண்டு. சளிக்கு நல்லது, சவலைப் பிள்ளைக்கு நல்லது என்று பெரியவர்கள் சொல்லுவாங்க. ஆடு மேய்க்கும் பிள்ளைகள் பசி எடுத்தால் மடியில் வாய் வைத்துப் பீய்ச்சிக் குடிப்பதையும் பார்த்திருப்பீர்கள். "கறந்த சூடு ஆறுமுன்னே குடிக்கணும், காய்ச்சினால் சத்துப் போயிடும்" என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆடு கொழுகொழு என்று இருக்கிறது, தழை நன்றாகத் தின்கிறது, மடியில் வீக்கம் இல்லை, பாலும் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. பிறகு என்ன பயம் என்று கேட்பார்கள்.

அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு ஒரு தீவே பல தலைமுறைகள் காய்ச்சலில் கிடந்தது. அந்தத் தீவின் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். அதோடு சேர்ந்த இன்னும் இரண்டு கதைகளும் உண்டு. மூன்றும் கடல் கடந்த ஊர்களில் நடந்தவை. ஆனால் மூன்றிலும் உள்ள பாடம் நம்ம ஆட்டுக் கொட்டிலுக்கும் அடுப்படிக்கும் உரியது.

வாசலுக்கு வந்த ஆடுகள்

மத்தியதரைக் கடலில், இத்தாலி நாட்டுக்குத் தெற்கே, மால்டா என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. கல்லும் கரடுமான பூமி. மாடு வளர்க்கத் தோதான மேய்ச்சல் குறைவு. ஆகவே ஜனங்கள் வெள்ளாட்டையே நம்பி இருந்தார்கள். சுமார் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னால் அந்தச் சின்னத் தீவில் ஏறக்குறைய 20,000 ஆடுகள் இருந்தன.

அங்கே பால் வியாபாரம் நடந்த விதம் வேடிக்கையானது. விடியற்காலையில் ஆட்டுக்காரர் மந்தையைப் பட்டணத்துக்குள்ளேயே ஓட்டி வருவார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிறுத்திப் பாத்திரத்தில் கறந்து கொடுப்பார். மாடி வீடு என்றால் ஆடும் படியேறிப் போகும். வாங்குகிறவர்களுக்கு அதில் ஒரு திருப்தி. கண்ணெதிரே கறந்த பால், ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்க வழியில்லை அல்லவா? சுத்தமான பாலுக்கு இதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும் என்று நினைத்தார்கள்.

அந்தக் காலத்தில் மால்டா பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. பெரிய கடற்படைத் தளமும் பட்டாளமும் அங்கே இருந்தன. அங்கு போன சிப்பாய்களை ஒரு விசித்திரமான காய்ச்சல் பிடித்து ஆட்டியது. நாலு நாள் அடிக்கும், தணியும், மறுபடியும் ஏறும். அலை மாதிரி ஏறி இறங்கும். இராத்திரியில் படுக்கை நனையும்படி வியர்க்கும். இடுப்பும் மூட்டும் விட்டுப் போகிற மாதிரி வலிக்கும். சாகிறவர்கள் குறைவுதான். ஆனால் மாதக் கணக்கில் எழுந்திருக்க முடியாது. ஊர்க்காரர்களுக்கும் இது வந்துகொண்டுதான் இருந்தது. மால்டா காய்ச்சல் என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது.

கிருமி கிடைத்தது, வழி தெரியவில்லை

டேவிட் புரூஸ் என்ற இராணுவ டாக்டர் 1884-இல் மால்டாவுக்கு வந்தார். இந்தக் காய்ச்சலில் இறந்த சிப்பாய்களின் மண்ணீரலை எடுத்துச் சோதித்து, அதிலே ஒரு நுண்கிருமியைக் கண்டுபிடித்தார். 1887-இல் அதை உலகத்துக்கு அறிவித்தார். இன்று அந்தக் கிருமிக்கு அவர் பெயரையொட்டி புரூசெல்லா என்றே பெயர். இது பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தது.

கிருமி தெரிந்துவிட்டது. ஆனால் அது மனிதன் உடம்புக்குள் எப்படிப் போகிறது? அதுதான் தெரியவில்லை. சாக்கடை நாற்றம் என்றார்கள். தூசி என்றார்கள். கொசு என்றார்கள். இப்படியே பதினேழு, பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. சிப்பாய்களைவிட அதிகாரிகளுக்கு இந்தக் காய்ச்சல் அதிகம் வந்தது. ஆஸ்பத்திரியில் வேறு நோய்க்காகப் படுத்தவர்களுக்கும் வந்தது. யார் அதிகமாகப் பால் குடிக்கிறார்கள் என்று அப்போதே கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும். ஆனால் பாலின் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? நோயாளிக்குத் தெம்பு தருவதற்கென்றே கொடுப்பதல்லவா பால்!

1904-இல் லண்டனிலுள்ள ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம் இதற்கென்று ஓர் ஆராய்ச்சிக் குழுவை அமைத்தது. அந்தக் குழுவில் தெமிஸ்டோக்ளிஸ் ஸம்மிட் என்ற டாக்டர் இருந்தார். அவர் மால்டாவின் மண்ணிலேயே பிறந்தவர். சோதனைக்காகச் சில ஆடுகளை வாங்கி வந்தார்கள். ஆட்டுக்கு இந்த நோய் சுலபத்தில் வராது என்பதுதான் அன்றைய எண்ணம். 1905 ஜூன் மாதம், சோதனையைத் தொடங்குவதற்கு முன்னால் அந்த ஆடுகளின் இரத்தத்தை ஸம்மிட் பரிசோதித்துப் பார்த்தார். அவர் திகைத்துப் போகும்படியான முடிவு வந்தது. யாரும் கிருமியை ஏற்றாமலேயே, அந்த ஆடுகளில் பெரும்பாலானவற்றின் இரத்தம் நோய் தொற்றியதற்கான அடையாளத்தைக் காட்டியது.

பிறகு தீவு முழுக்க ஆடுகளைச் சோதித்தார்கள். ஏறக்குறைய பாதி ஆடுகளின் இரத்தத்தில் நோயின் தடயம் இருந்தது. பத்தில் ஒரு ஆடு பாலிலேயே கிருமியைக் கொட்டிக்கொண்டிருந்தது. இதில் கவனிக்க வேண்டியது என்ன தெரியுமா? அந்த ஆடுகள் பார்ப்பதற்கு ஆரோக்கியமாக இருந்தன. தீனியில் குறையில்லை, பாலில் குறையில்லை. பாலின் நிறமும் மணமும் ருசியும் கொஞ்சம்கூட மாறவில்லை.

கப்பலில் நடந்த சாட்சி

அதே 1905-ஆம் ஆண்டு, ஆராய்ச்சிக்காரர்கள் ஏற்பாடு செய்யாமலே ஒரு சோதனை நடுக்கடலில் நடந்துவிட்டது. மால்டா ஆடு நல்ல கறவை ஆடு என்று பெயர் எடுத்ததால், அமெரிக்காவுக்கு 65 ஆடுகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். கப்பலின் பெயர் ஜோஷ்வா நிக்கல்சன். வழியெல்லாம் பால் தாராளமாகக் கிடைத்தது. மாலுமிகள் பச்சையாகவே குடித்தார்கள். சில வாரங்களில் அவர்களில் பலருக்கு மால்டா காய்ச்சல் வந்துவிட்டது. அங்கே சாக்கடையும் இல்லை, ஊர்த் தூசியும் இல்லை. இருந்தது ஆடும் பாலும்தான். நோய் தங்களுடைய நாட்டு மந்தைகளில் பரவிவிடக்கூடாதே என்று அமெரிக்காவில் அந்த ஆடுகளைத் தனியாகக் கட்டிவைத்துக் கடைசியில் அழித்துவிட்டார்கள்.

பட்டாளம் பிழைத்தது, ஊர் பிழைக்கவில்லை

1906-இல் பட்டாளத்துக்கும் கடற்படைக்கும் ஆட்டுப் பால் கொடுப்பதை நிறுத்தினார்கள். அதற்குப் பதிலாக டப்பாப் பால் கொடுத்தார்கள். ஊசி இல்லை, மருந்து இல்லை, இந்த ஒரே ஒரு மாற்றம்தான். பலனைப் பாருங்கள். 1905-இல் 600-க்கும் மேற்பட்ட சிப்பாய்களுக்குக் காய்ச்சல் வந்திருந்தது. 1907-இல் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுக்கு அது குறைந்துபோயிற்று.

இத்தோடு கதை முடிந்திருந்தால் சந்தோஷப்படலாம். ஆனால் முடியவில்லை. சிப்பாய்க்கு உத்தரவு போட்டால் போதும், அவன் பாலை நிறுத்திவிடுவான். ஊர் ஜனத்துக்கு யார் உத்தரவு போடுவது? டப்பாப் பால் வாங்க ஏழைக்குக் காசு ஏது? "என் ஆடு நன்றாகத்தானே இருக்கிறது, என் பிழைப்பில் ஏன் மண்ணைப் போடுகிறீர்கள்?" என்று ஆட்டுக்காரருக்குக் கேள்வி. "எங்கள் தாத்தா காலத்திலிருந்து இந்தப் பாலைத்தான் குடிக்கிறோம்" என்று குடிக்கிறவருக்கு நம்பிக்கை. ஆகவே ஆடுகள் பழையபடி வாசலுக்கு வந்துகொண்டிருந்தன. காய்ச்சலும் வந்துகொண்டிருந்தது. நோய்க்குக் காரணம் கண்டுபிடித்தவர் அந்த ஊரின் மைந்தர். பலன் கிடைத்ததோ வெளியிலிருந்து வந்த பட்டாளத்துக்கு!

1938-இல்தான் மால்டாவில் பாலைச் சூடாக்கிப் பதப்படுத்தும் நிலையம் வந்தது. தலைநகரான வலெட்டாவின் தெருக்களில் ஆட்டை ஓட்டிவந்து கறந்து விற்பதும் அப்போதுதான் தடுக்கப்பட்டது. காரணம் தெரிந்த 1905-க்கும் இதற்கும் நடுவே 33 வருஷம். டாக்டர் ஸம்மிட் 1935-இலேயே காலமாகிவிட்டார். தன்னுடைய கண்டுபிடிப்பு தன் ஊர் ஜனத்துக்கு முழுசாகப் பயன்பட்டதை அவர் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகும் எச்சரிக்கை தேவைப்பட்டது. 1995-இல் மால்டாவில் மறுபடியும் இந்தக் காய்ச்சல் நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வந்தது. காய்ச்சாத பாலில் செய்த மிருதுவான பாற்கட்டிதான் காரணம். கிருமிக்கு மறதி கிடையாது, நமக்குத்தான் மறதி.

ஒரே கேன் பால்

இரண்டாவது கதை ஒரு வைரஸ் கதை. வைரஸ் என்பது பாக்டீரியாவைவிட மிகமிகச் சிறியது. சாதாரண நுண்நோக்கியில் பார்த்தால் தெரியாது.

1951-ஆம் ஆண்டு வசந்த காலம். அன்றைய செக்கோஸ்லோவாக்கியா நாட்டில், இன்றைய ஸ்லோவாக்கியாவில், ரோஷ்ணவா என்ற ஊர். அங்கே 600-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே சமயத்தில் காய்ச்சலும் தலைவலியும் கண்டது. சிலருக்குச் சில நாள் விட்டு மறுபடியும் காய்ச்சல் வந்து மூளையையே தாக்கியது. இது உண்ணி கடித்துப் பரவும் மூளைக் காய்ச்சல் வைரஸ் என்று தெரிந்தது. ஆனால் ஊரில் இத்தனை பேரையும் ஒரே வாரத்தில் உண்ணி கடிக்குமா? விசாரித்தபோது பாலில் வந்து நின்றது. மேய்ச்சலுக்குப் போன ஆடுகளை உண்ணி கடித்திருக்கிறது. வைரஸ் ஆட்டின் இரத்தத்தில் ஏறி, சில நாட்கள் பாலில் இறங்கியிருக்கிறது. அந்த ஆட்டுப் பால் பால்பண்ணையில் பசும்பாலோடு கலந்திருக்கிறது. சரியாகச் சூடாக்கிப் பதப்படுத்தாமல் ஊருக்கெல்லாம் போயிருக்கிறது. அப்போதும் ஆடுகள் நோய் காட்டவில்லை.

அந்த வைரஸ் ஐரோப்பாவிலும் ருஷ்யா பக்கத்திலும் உள்ளது. அது நம்ம ஊருக்கு வந்துவிட்டது என்று பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பாலை ஒன்றாகக் கொட்டிக் கலப்பது எங்கும் உள்ள வழக்கம். ஒரு ஆட்டின் குறை ஒரு கேன் பாலின் குறையாகிவிடும். ஒரு கேனின் குறை ஊரின் குறையாகிவிடும். அதைத் தடுக்கக்கூடியது நெருப்பு ஒன்றுதான்.

குட்டிக்குப் போகும் வைரஸ்

மூன்றாவது கதை, மனிதனைத் தொடாத ஒரு நோய். ஆனால் கறவை ஆட்டுப் பண்ணையை உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும் நோய்.

1974-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சில ஆட்டுக் குட்டிகளுக்குப் பின்னங்கால் விழுந்து போவதை விஞ்ஞானிகள் விவரித்து எழுதினார்கள். 1980-இல் அதற்குக் காரணமான வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். இதை ஆட்டு மூட்டு அழற்சி, மூளை அழற்சி நோய் என்று சொல்லலாம். சின்னக் குட்டிக்கு வாதம் வரும். பெரிய ஆட்டுக்கு முன்னங்கால் முட்டி வீங்கும், நொண்டும், நாளுக்கு நாள் மெலியும். சில ஆடுகளுக்கு ஈன்றதும் மடி கல்லு மாதிரி இறுகிப் பால் இறங்காது. பல ஆடுகள் வருஷக்கணக்கில் எந்த அடையாளமும் காட்டாது. இதற்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை.

இது பெரும்பாலும் எப்படிப் பரவுகிறது? சீம்பால் வழியாகவும் பால் வழியாகவும்தான். பெரிய பண்ணைகளில் எல்லா ஆட்டின் பாலையும் ஒன்றாகக் கலந்து குட்டிகளுக்கு ஊட்டினார்கள். வேலை சுலபமாயிற்று, நோயும் சுலபமாயிற்று! ஒரு தாயின் வைரஸ் எல்லாக் குட்டிக்கும் போயிற்று. சானென், ஆல்பைன், டோகன்பர்க் போன்ற உயர்ந்த கறவை இன ஆடுகளை நாடு விட்டு நாடு விற்றபோது, நோயும் அவற்றோடு கப்பலேறிப் போயிற்று.

இதற்குப் பண்ணைக்காரர்கள் கண்டுபிடித்த வழி கேட்பதற்குக் கடினம், ஆனால் பலித்தது. குட்டி விழுந்ததும் தாய் நக்கும் முன்னே, மடியில் வாய் வைக்கும் முன்னே பிரித்துவிடுவார்கள். சீம்பாலை 56 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் ஒரு மணி நேரம் வைத்திருந்து, ஆறவைத்துக் கொடுப்பார்கள். 60 டிகிரிக்கு மேல் போனால் சீம்பால் கட்டிதட்டிவிடும், அதனால் வெந்நீரில் பாத்திரத்தை வைத்து வெப்பமானியால் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு பதப்படுத்திய பாலைக் கொடுப்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்து, நோயுள்ள ஆட்டை வேறு கொட்டிலில் வைப்பார்கள். இப்படிச் சில வருஷத்தில் பல பண்ணைகள் நோயை ஒழித்துவிட்டன.

நம்ம ஊரில் எல்லாக் குட்டியையும் இப்படித் தாயிடமிருந்து பிரிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாட்டு ஆடு நாலைந்து வைத்திருப்பவருக்கு அது தேவையும் இல்லை. ஆனால் வெளிநாட்டு இனமோ கலப்பினமோ அதிக விலை கொடுத்து வாங்குகிறவர்கள், வாங்கும் முன்னே இரத்தப் பரிசோதனை கேளுங்கள். ஆட்டின் பல்லைப் பார்ப்பதும் மடியைத் தடவிப் பார்ப்பதும் மட்டும் போதாது.

தெரிந்த எதிரியும் தெரியாத எதிரியும்

ஆட்டுக்கொல்லி நோய் உங்களுக்குத் தெரியும். 1942-இல் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் முதலில் விவரிக்கப்பட்ட வைரஸ் நோய் அது. நம்ம நாட்டில் 1987-இல் இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள அரசூரில்தான் முதன்முதலாக அது இருப்பது தெரிந்தது. மூக்கில் சளி ஒழுகும், வாயில் புண் வரும், கழியும், மந்தையே சாயும். அது பயங்கரமான நோய்தான். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற எதிரி. மனிதனுக்கு அது வராது. தடுப்பூசி இருக்கிறது, தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

மால்டா காய்ச்சல் அப்படி இல்லை. அது ஆட்டிலே ஒளிந்திருந்து ஆளைப் பிடிக்கும். அந்தக் கிருமி நம்ம நாட்டிலும் இருக்கிறது. ஆட்டிடம் அது காட்டும் முக்கியமான அடையாளம் ஒன்றுதான்: கருவீச்சு. சினை ஆடு மாதம் நிறையாமல் குட்டியைப் போட்டுவிடும். அதற்கு அடுத்த ஈற்றில் ஒழுங்காக ஈன்றுவிடும். "சரியாகிவிட்டது" என்று நாம் நினைப்போம். ஆனால் பாலில் கிருமி போய்க்கொண்டே இருக்கலாம். மாட்டில் வரும் கன்று வீச்சு நோயும் இந்தக் கிருமியின் பங்காளிதான். இரண்டும் நெருங்கிய உறவு என்று 1918-இல் ஆலிஸ் எவன்ஸ் என்ற அமெரிக்க அம்மையார் எடுத்துச் சொன்னார். பச்சைப் பால் ஆபத்து என்று அவர் எச்சரித்தபோது பெரிய பெரிய நிபுணர்களே நம்பவில்லை. பின்னால் நம்பினார்கள். அதற்குள் அந்த அம்மாளுக்கே ஆராய்ச்சிக் கூடத்தில் இந்த நோய் தொற்றி, வருஷக்கணக்கில் அவதிப்பட்டார்.

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, பாலைக் காய்ச்சுங்கள். பால் நுரைத்து எழும்புவதைக் கொதி என்று நினைத்து உடனே இறக்கிவிடாதீர்கள். தீயைத் தணித்து, கரண்டியால் கிண்டிவிட்டு, தளதள என்று இன்னும் இரண்டு மூன்று நிமிஷம் கொதிக்கவிடுங்கள். பாலைப் பதப்படுத்தும் நிலையத்தில் 63 டிகிரியில் அரை மணி நேரம், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி வைக்கிறார்கள். அதிலேயே இந்தக் கிருமி செத்துவிடும். நம்ம அடுப்புக் கொதி அதைவிட அதிகம். சத்துப் போய்விடுமே என்றால், கொஞ்சம் வைட்டமின் குறையும், உண்மைதான். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அப்படியே இருக்கும்.

இரண்டாவது, காய்ச்சிய பாலில்தான் உறை ஊற்ற வேண்டும். நம்ம வீட்டுப் பெண்கள் வழிவழியாக இப்படித்தான் செய்கிறார்கள். அந்த நல்ல பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். மேய்ச்சல் காட்டில் பிள்ளைகள் மடியில் வாய் வைத்துக் குடிப்பதை மட்டும் நிறுத்துங்கள். மருந்துக்கென்று பச்சைப் பால் கேட்டு வருகிறவர்களுக்கும் காய்ச்சிக் குடிக்கச் சொல்லியே கொடுங்கள்.

மூன்றாவது, ஆடு குட்டி வீசினால் வெறுங்கையால் தொடாதீர்கள். செத்த குட்டியிலும் நஞ்சுக்கொடியிலும் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். கையுறை இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையையாவது கையில் மாட்டிக்கொள்ளுங்கள். கர்ப்பிணிப் பெண்கள் பக்கத்தில் போகவே வேண்டாம். ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். நாய்க்குப் போட்டால் நாயே ஊரெல்லாம் இழுத்துப் பரப்பும். அந்த ஆட்டைத் தனியே கட்டிவிட்டு, கால்நடை மருத்துவரிடம் சொல்லி இரத்தம் எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். முடிவு தெரியும் வரை அதைச் சந்தைக்கு ஓட்டாதீர்கள். உங்கள் தலைவலியை இன்னொரு குடியானவன் தலையில் கட்டியதாகிவிடும்.

நான்காவது, வீட்டில் யாருக்காவது காய்ச்சல் விட்டு விட்டு வந்தால், இராத்திரி வியர்த்தால், இடுப்பு, மூட்டு வலி தீராவிட்டால், டாக்டரிடம் "நாங்கள் ஆடு வளர்க்கிறோம்" என்று முதலில் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை அவருக்குப் பாதி வழியைக் காட்டிவிடும். மருந்து இருக்கிறது, குணமாகும். ஆனால் பல வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். காய்ச்சல் விட்டதும் நிறுத்தினால் திரும்ப வரும்.

இதையெல்லாம் வெளியில் சொன்னால் ஆட்டுப் பால் விலை போகாதே என்று சிலர் தயங்கலாம். மால்டாவில் அந்தத் தயக்கத்துக்கு ஊர் கொடுத்த விலை 33 வருஷக் காய்ச்சல். ஆட்டின் மேல் பழி போட வேண்டியதில்லை. பாலின் மேலும் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆட்டுப் பால் நல்ல பால்தான். ஆட்டின் தோற்றத்தை நம்பிப் பாலைக் குடிக்காதீர்கள். அடுப்பை நம்பிக் குடியுங்கள். பட்டாளத்துக்கு உத்தரவு போட ஒரு தளபதி இருந்தார். நம்ம வீட்டுக்கு உத்தரவு போட நாம்தான் இருக்கிறோம்.